ஏரிக்குள் வெள்ளரி போட்ட கோடை

காலை நடையை முடித்துவிட்டுப் பூங்கா பெஞ்சில் உட்காரும் நாம் ஆறு பேரும் சர்க்கரை அளவில் தொடங்கி, மருமகள்களைத் தாண்டி, கடைசியில் வந்து சேருவது சின்ன வயதுக் கோடை விடுமுறைக்குத்தான். ஒருவர் மாங்காயைச் சொல்வார். இன்னொருவர் கிணற்றைச் சொல்வார். மூன்றாமவர் நுங்கைச் சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொள்வார். பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கு நாம் ஆறு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று தோன்றும். என் முறை வரும்போது, "வெள்ளரிக்காய் தின்றேன், அஞ்சாங்கல் ஆடினேன்" என்று சொல்லிவிட்டு நான் வெந்நீர்க் குடுவையைத் திறந்துவிடுவேன். ஊரைச் சிரிக்க வைக்கக் கட்டுரை எழுதுகிறவள் இங்கே மட்டும் ஏன் இப்படிக் கஞ்சத்தனம் செய்கிறாள் என்று நீங்கள் பேசிக்கொண்டதாக அறிந்தேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததைத் தாளில் எழுதிவிடுவது என் பழைய பழக்கம். அது எப்போது ஆரம்பித்தது என்பதும் இதிலேயே வருகிறது.

எங்கள் வீடு சோழவரத்துக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டுக்கும் ஒரு ஏரிக்கும் நடுவில் இருந்தது. இன்று அந்தப் பக்கம் போனால் தகரக் கொட்டகைகளும் புகைபோக்கிகளும் கம்பெனி பஸ்களும்தான். அன்று அங்கே பகலில் கேட்ட பெரிய சத்தம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் மெயிலின் ஊதல் ஒன்றுதான். நயா பைசா இன்னும் வரவில்லை. ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலமாகிச் சில வருடம் ஆகியிருந்தது. யுத்தத்துக்காகப் போட்ட ஓடுபாதையில் விமானத்துக்குப் பதிலாக மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பதினொரு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று வாத்தியார் சொல்லிவிட்டதால், வேறு எதிலும் திறமை தேவையில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

ஏரி எங்கள் ஊரில் இருந்ததே தவிர, தண்ணீர் பட்டணத்துக்காரர்களுடையது. மேற்கே ஒரு பெரிய அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும். எங்கள் ஏரியில் கொஞ்ச நாள் தங்கும். பிறகு பட்டணத்துக் குழாய்களுக்குப் போய்விடும். பங்குனியில் ஏரி வற்ற ஆரம்பிக்கும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் காயாத அந்தத் தரையில் ஊர் ஜனங்கள் வெள்ளரி போடுவார்கள். சர்க்கார் நிலம்தான். பட்டா கிடையாது, கேள்வியும் கிடையாது. முதலில் குச்சி நடுகிறவருக்கு முதல் இடம். கரையோரமாக நட்டவர்களின் கொடி முதலில் காய்த்து, முதலில் காய்ந்துவிடும். கடைசியாக வருகிறவருக்கு ஏரியின் அடி ஆழம்தான் மிச்சம். அங்கே ஈரம் அதிகம். காய் இனிப்பாக இருக்கும். வைகாசிக் கடைசி வரை காய்க்கும். ஏரியில் தண்ணீர் வந்தால் முதலில் முழுகுவதும் அந்த இடம்தான். ஆனால் தண்ணீர் வர மழை வரவேண்டும், மழைக்கு ஐப்பசி ஆகவேண்டும் என்பது எங்கள் ஊரின் கணக்கு. அணை என்று ஒன்று கட்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும், தண்ணீரை நினைத்தால் ஜனங்கள் மேற்கே பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்த வருடம் அடி ஆழத்தில் குச்சி நட்டது என் அத்தை.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அத்தையை ஊத்துக்கோட்டையில் கொடுத்திருந்தார்கள். தை மாதத்தில் ஒருநாள் தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். இடது மணிக்கட்டில் வெற்றிலை அளவுக்குத் தீப்புண். அம்மா அதற்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. நைனா மட்டும், "அவரு கொஞ்சம் கோபக்காரரு, அவ்ளோதான்" என்றார், பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது என்கிற மாதிரி. இரண்டு மாதம் போனதும் ஊரார் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது மாதம் நைனாவே கேட்டார். புளி கொட்டை எடுத்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"எத்தினி நாளைக்குமா இப்படி? நாலு பேரு கேக்கறான். எனக்குப் பேஜாரா கீது."

"நான் அங்க போவலண்ணா."

"போவலன்னா? சோத்துக்கு?"

"ஏரிக்குள்ள வெள்ளரி போடறேன். என் சோத்து நெல்லை நானே கொணாந்து போடறேன்."

நைனா சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல. தங்கை பெயரில் வைத்த கன்றுக்குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் தூங்காமல் இருப்பவர்.

"சரி. ஆனி முடியட்டும். ஒரு வருஷத்து நெல்லு நீ கொணாந்து இந்த ஊட்ல போட்டுட்டா, அவங்க வந்து கூப்புட்டாலும் அனுப்ப மாட்டேன். இல்லன்னா பேச்சு மூச்சு இல்லாத கெளம்பிடணும். ஆடி பொறந்துட்டா அனுப்ப முடியாது, ஆமா."

அத்தை தலையாட்டினாள். புளியங்கொட்டைகளை நான் ஒற்றைக்கும் இரட்டைக்குமாக எண்ணிக்கொண்டிருந்தேன். பேச்சு முழுவதும் காதில் விழுந்தது. அதில் ஒரு உயிர் தொங்குகிறது என்பது மட்டும் விழவில்லை.

பனையோலையில் ஒரு காவல் குடிசை. அதற்குள் ஒரு பாய், ஒரு பானை, ரசம் போன கண்ணாடி ஒன்று, தூக்குப் பாத்திரம். அதுதான் அத்தையின் ஊடு. காலையில் நான் போய்விடுவேன். விளக்கு வைக்கும் முன் இருவரும் கரையேறி வீட்டுக்கு வருவோம். கையால் தோண்டிய ஊற்றுக் குழியிலிருந்து சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு கொடிக்கும் ஊற்றவேண்டும். நான் நாலு கொடிக்கு ஊற்றிவிட்டு நாற்பது கொடிக்கு ஊற்றியவள்போல மூச்சு வாங்குவேன். அத்தை விடியற்காலை ஈரத்தோடு ஒரு பிஞ்சைப் பறித்து, தலையும் வாலும் கிள்ளி, இரண்டாக முறித்துத் தருவாள். முறிக்கும் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கும். மத்தியானத்தில் பொட்டலத்தில் கொண்டுவந்த உப்பும் மிளகாய்ப் பொடியும். உதடு எரியும்போது ஊற்றுத் தண்ணீர். அதில் சேறும் தவளையும் சேர்ந்த ஒரு வாசனை.

தண்ணீர் வற்றிய தரை வெடித்து, ஓடு ஓடாகப் பெயர்ந்து, விளிம்பு சுருண்டு நிற்கும். அந்த ஓடுகள் எனக்குத் தட்டு. அதில் மண் சோறு பரிமாறுவேன். நுங்கு தின்ற வெறுங்கூடு இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி செய்வேன். சேற்றுக் குழியில் கையை விட்டுக் கெளுத்தி தேடி, முள் குத்திக்கொண்டு அலறுவேன். எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து, அத்தை எனக்காக ஏரியின் அடியிலிருந்து பொறுக்கித் தந்த ஐந்து கூழாங்கற்கள். ஒரே அளவு, ஒன்றில் மட்டும் வெள்ளைக் கோடு. உச்சி வெயிலில் குடிசைக்குள் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவோம். அத்தை ஒரு கல்லை மேலே விட்டுக் கீழே நாலையும் அள்ளும்போது, மணிக்கட்டில் அந்தப் புண் ஆறிய தோல் பளபளக்கும். எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். குழந்தைக்காகத் தோற்றுக் கொடுக்கும் வழக்கம் அவளிடம் இல்லை. "அழுவாதடி, மறுபடியும் ஆடு" என்பாள். ஒருமுறை நான் கல்லை மடியில் மறைத்து வைத்துப் பிடிபட்டபோது, "கள்ளாட்டம் ஆடுனா கையில ஒட்டாதுடி" என்று சொல்லிவிட்டுத் தரையில் உருண்டு சிரித்தாள். எங்கள் வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏரிக்குள் தினம் வந்த இன்னொருவர் லஸ்கர். ஏரி மதகைத் திறந்து மூடும் சர்க்கார் ஆளை எங்கள் பக்கம் லஸ்கர் என்பார்கள். பழவேற்காட்டுக்காரர். ஜவுளி, கருவாடு என்று குடும்பமே வியாபாரம் செய்ய, பேரம் பேச வெட்கப்பட்டதால் உத்தியோகத்துக்கு வந்தவர் என்று அவரே சொல்வார். காக்கிச் சட்டை, ஒரு குடை, மதகுச் சாவி கட்டிய சைக்கிள். ஏரிக்குள் தண்ணீர் அளக்கும் அளவுக்கல் ஒன்று உண்டு. கோடையில் அது வெறும் கட்டாந்தரையில் நிற்கும். அப்போதும் லஸ்கர் தினம் காலையில் அது வரை நடந்து வந்து, குனிந்து பார்த்து, நோட்டில் எழுதுவார்.

"இன்னா எழுதுனீங்க மாமா?"

"சைபர்."

"நேத்து?"

"நேத்தும் சைபர்தான். ஆனா அது நேத்து சைபர், இது இன்னிக்கி சைபர்."

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். போகிறபோது அவருக்கு இரண்டு காய் கொடுப்பாள்; அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான். அந்த அவ்வளவும் யார் வழியாகவோ நைனாவின் காதுக்குப் போயிற்று. ஒருநாள் கரைமேல் லஸ்கரின் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா பாய், ஏரிக்குள்ள பொம்பள தனியா கீற எடத்துல உனுக்கு இன்னா வேல?"

"அளவுக்கல்லு அங்க கீதுங்க."

"காஞ்ச ஏரில இன்னாய்யா அளவு?"

லஸ்கர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அளவுக்கல்லைச் சுற்று வழியில் வந்து பார்த்தார். அத்தை இருக்கும் பக்கம் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவார். வெயில் எதிர்ப்பக்கம் அடிக்கும்.

இவ்வளவையும் நான் சந்தோஷமாகச் சொல்வதுபோலத் தோன்றினால், அது எழுத்துப் பழக்கம். கை தானாகச் சர்க்கரை போட்டுவிடுகிறது.

வைகாசிக் கடைசி வாரம். மேலே போட்டவர்களின் கொடியெல்லாம் கருகி, அவர்கள் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய ஏரியில் பச்சையாக இருந்தது அத்தையின் துண்டு ஒன்றுதான். மற்றவர்களிடம் காய் தீர்ந்துவிட்டதால் புதுவாயல் கூட்டுரோட்டில் அவள் கூடைக்குக் கிராக்கி. லாரிக்காரர்கள் நிறுத்தி வாங்கினார்கள். ஏற்கெனவே பாதி நெல் வந்து வீட்டில் இறங்கிவிட்டது. நைனா மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம் காய் நின்னா போதும் அண்ணி" என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு அவளை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது.

எனக்கு வேறொரு விஷயம் பெரிதாக இருந்தது. அத்தை ஒரு காயைப் பறிக்காமல் கொடியிலேயே பழுக்க விட்டிருந்தாள். மஞ்சளாகி வெடிக்கப் பார்த்ததும் பனையோலையில் பொதிந்து கட்டி, மேலே என் பாவாடைக் கிழிசலில் ஒரு துண்டைச் சுற்றினாள். "இது உன்து. புதன்கெழம பழமாய்டும். வெல்லம் வெச்சித் தின்னலாம். வியாழக்கெழம பள்ளிக்கூடம் தொறந்ததும் போய்க்கோ." வருடத்துக்கு ஒரு வெள்ளரிப்பழம் முழுசாக ஒருத்திக்கே கிடைப்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். நான் தினம் நாலு முறை ஓலையை முகர்ந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை அத்தை கூடையோடு புதுவாயலுக்குப் போயிருந்தாள். நான் குடிசையில் காவல். லஸ்கர் முதல்முறையாகச் சுற்று வழியை விட்டு நேராக வந்தார். குடிசைக்குப் பத்தடி தள்ளியே நின்றார்.

"பாப்பா, அத்த இல்லியா?"

"கூட்ரோட்டுக்குப் போய்க்கீது."

"நல்லா கேட்டுக்கோமா. மேல மலையில மழ கொட்டிச்சாம். அணையில தண்ணி ஏறிடுச்சி. புதன்கெழம காலையில கால்வாயில தொறக்கறாங்க. மத்தியானத்துக்குள்ள இங்க வந்துடும். நான் இப்பவே மேல கால்வாய்க்குப் போவணும், புதன் வரிக்கும் வரமாட்டேன். அத்தகிட்ட சொல்லிடு. இன்னிக்கும் நாளைக்கும் ஆள வெச்சி எல்லாத்தையும் பறிச்சிடணும், பிஞ்சுகூட வுடக்கூடாது. ஊட்டுக்கு வந்து சொல்லலாம்னா உங்க நைனா..." என்று நிறுத்தினார். "சொல்லுவியா?"

"சொல்றேன் மாமா."

"ஜல்தி சொல்லிடணும்."

"உம்."

சைக்கிள் கரைமேல் போய்ச் சிறிதாகி மறைந்தது. நான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை, கொளுத்துகிற வெயில். பிறகு ஓலைப் பொட்டலத்தைப் பார்த்தேன். சொன்னால் அத்தை இன்றைக்கே எல்லாவற்றையும் பறிப்பாள். என் பழத்தையும் அரைகுறையாகப் பறிப்பாள். குடிசையைப் பிரித்துவிடுவாள். செவ்வாய் இல்லை, புதன் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். இதை நான் மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுவதும் நினைவு இருந்தது. அத்தையோடு நாவல்பழம் பொறுக்கி நாக்கு ஊதா ஆகும் வரை தின்றபோதும் இருந்தது. கல் ஆடியபோது, "இன்னாடி, கல்லையே பாக்காத ஆடற?" என்று அவள் கேட்டபோதும் இருந்தது. பழம் அன்றைக்கே பழுத்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பழுக்கவில்லை.

செவ்வாய் மாலை கிளம்பும்போது ஒரு காரியம் மட்டும் செய்தேன். என் நுங்கு வண்டியையும், ஐந்து கற்களைப் போட்டு வைத்த பிஸ்கோத்து டப்பாவையும் எடுத்துவந்து, கரைமேல் இருந்த வேப்பமரத்துப் பொந்தில் வைத்தேன். எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. தண்ணீர் வராது என்று நம்பிய மூளை ஒன்று. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கரையேறிய கை இன்னொன்று. பின்னால் பெரியவளாகி எத்தனையோ பேரிடம் இந்த ஏற்பாட்டைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

புதன்கிழமை பழம் பழுத்துவிட்டது. அத்தை ஓலையைப் பிரித்ததும் குடிசை முழுக்க அந்த வாசனை; அதற்கு என்னிடம் வார்த்தை கிடையாது. வெடித்து மாவு மாவாக நின்ற பழத்தை ஒரு மண் ஓட்டின்மேல் வைத்து, வெல்லத்தைப் பொடித்துத் தூவி, "மொதல்ல நீ" என்றாள். நான் இரண்டு வாய் தின்றேன். மூன்றாவது வாய் எடுக்கும்போது கொக்குகள் கூட்டமாக மேற்கிலிருந்து தாழப் பறந்து வந்தன.

அவற்றின் பின்னால் தண்ணீர் வந்தது. அலையாக வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு முழ அகலத்துக்கு நாக்கு மாதிரி ஒன்று, முனையில் நுரையும் சருகும் செத்த எறும்பும் தள்ளிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாக நிதானமாக நிரப்பிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெடிப்பும் குடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாடி இது?" அத்தை எழுந்து நின்றாள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "வானம் வெளுத்துக் கெடக்கு, எவன் ஊட்டுத் தண்ணிடி இது?" அடுத்த நாக்கு வடக்கிலிருந்து வந்தது. மூன்றாவது ஊற்றுக் குழியிலிருந்தே மேலே எழும்பியது. அப்போது அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. கூடையை இழுத்துக்கொண்டு ஓடினாள். கைக்கு வந்ததைப் பறித்தாள், கொடியோடு இழுத்தாள், கூடை நிறைந்ததும் முந்தானையில் போட்டாள். "பறிடி! ஏய், நிக்காத, பறிடி!" நானும் பறித்தேன். கணுக்கால், பிறகு முழங்கால். பிடுங்கிய காய்கள் கூடையிலிருந்தே மிதந்து வெளியே போயின. என் இடுப்புக்கு வந்ததும் அத்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். பாய், கண்ணாடி, தூக்கு, சுரைக்குடுக்கை எல்லாம் போயின. குடிசை மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு மரியாதையாக ஒரு பக்கம் சாய்ந்தது.

வேப்பமரத்தடியில் என்னை இறக்கிவிட்டு, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் மூச்சு வாங்கியது. ஏரியெங்கும் மஞ்சளும் பச்சையுமாகக் காய்கள் மிதந்தன. நான் அழுதேன். அவள் அழவில்லை.

நைனாவுக்கு அன்று மாலை ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். தங்கை ஆண்டவனைக் குற்றம் சொல்லவில்லை, அண்ணனையும் சொல்லவில்லை. இரண்டும் அவருக்குத் தாங்கவில்லை. "லஸ்கர்க்குத் தெரியாத தண்ணி வருமா? வேணும்னே சொல்லாத வுட்டுட்டான். அன்னிக்கி நான் கேட்டதுக்கு வஞ்சம்" என்றார். என்னைக் கூப்பிட்டார். "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். மனு எழுது." மைக்கூடும் கட்டைப் பேனாவும் வந்தன. எங்கள் வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, மனுவுக்கென்று நைனா வைத்திருந்த தமிழ் வேறு. "சமூகத்துக்குத் தெரியப்படுத்திக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கினார். சர்க்கார் நிலத்தில் வெள்ளரி போட்டோம் என்று எழுத முடியாதே. மாடு மேய்க்கப் போன பெண் ஒருத்தி உயிர் தப்பினாள் என்று எழுதச் சொன்னார். "மேற்படி லஸ்கர் யாதொரு முன்னறிவிப்பும் கொடாமல்" என்ற இடத்தில் என் பேனா நின்றது.

"இன்னா?"

"மை தீந்துபோச்சி நைனா."

"தொட்டுக்கோ."

தொட்டுக்கொண்டேன். 'யாதொரு முன்னறிவிப்பும் கொடாமல்.' முத்து முத்தாக வந்தது. நான் எழுதி, ஒருவரைப் பாதித்த முதல் எழுத்து அதுதான். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். லஸ்கர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றுகொண்டே இருந்தார். சொன்னேன் என்று அவர் சொன்னால், ஏரிக்குள் வெள்ளரி போட்டது தெரிந்தும் விட்டிருக்கிறாய் என்று பிடிப்பார்கள். சொல்லவில்லை என்றால், ஏன் சொல்லவில்லை என்று பிடிப்பார்கள். எனக்கு இது நாற்பது வயதில்தான் புரிந்தது.

"தண்ணி தொறக்கறது உனுக்கு முன்னாடியே தெரியுமாயா?" என்றார் அதிகாரி.

"தெரியுங்க."

"ஜனங்களுக்குச் சொன்னியா?"

லஸ்கர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் நைனாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

"சொல்லலைங்க" என்றார்.

என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, இரண்டில் குறைந்த தண்டனை எது என்று யோசித்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரக்கம் என்று வைத்துக்கொண்டால் எனக்கு வலிக்கிறது. கணக்கு என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது. வயதாக ஆக அதிகம் தூங்குகிறேன். அவரை எங்கேயோ தெற்கே மாற்றிவிட்டார்கள். போகும் காலையில் அளவுக்கல்லில் தண்ணீரின் உயரத்தைக் கரைமேலிருந்தே பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனாராம். அன்று எழுத ஒரு எண் இருந்திருக்கும். நைனா தன் கடைசிக் காலம் வரை அந்தப் பாய் செய்த துரோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது மனுவின் நகல் கிடைத்தது. ஓரத்தில், 'மகள் எழுதியது, வயது பதினொன்று' என்று பெருமையாகக் குறித்து வைத்திருந்தார்.

அத்தையை ஆனிக் கடைசியில் அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு இரண்டே முறை வந்தாள், இரண்டும் சாவுக்கு. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சின்னவளாக ஆகியிருந்தாள். மூன்றாவது சாவு அவளுடையது. நாங்கள் ஊத்துக்கோட்டைக்குப் போனோம். காய்ச்சல் என்றார்கள். அம்மா இந்த முறையும் எப்படி என்று கேட்கவில்லை. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், நானும் கேட்கவில்லை.

அவள் கிளம்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அத்தையின் கணவர் வில்வண்டி கொண்டுவந்திருந்தார். ரோட்டில் இறங்கி பஸ் பிடிப்பதாக ஏற்பாடு. நல்ல சட்டை போட்டு, நைனாவோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு, நாஷ்டாவுக்கு இரண்டாவது முறை இட்டிலி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கோபக்காரராகவே தெரியவில்லை. நெல் மூட்டைகளை நைனா வண்டியில் ஏற்றச் சொன்னார், "அது உன்து" என்று. "இருக்கட்டும்ணா" என்றாள் அத்தை. அதையும் ஏற்றினார்கள்.

வண்டியில் ஏறப்போன அத்தை திரும்பி என்னிடம் வந்தாள். இடுப்புச் செருகிலிருந்து எதையோ எடுத்து, என் உள்ளங்கையை விரித்து வைத்தாள். ஐந்து கூழாங்கற்கள். வெள்ளைக் கோடு போட்டதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். வேப்பமரத்துப் பொந்தில் நான் விட்டுவிட்டு வந்தவை; தண்ணீர் வந்த அன்று அவள் சாய்ந்து உட்கார்ந்த அதே மரம்.

"பான, பாயி, கண்ணாடி எல்லாம் தண்ணில பூட்ச்சி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இது மட்டும் மொத நாளே கரையேறிடுச்சி பாத்தியா."

கோபம் இருந்ததா என்று முகத்தைத் தேடினேன். கல் ஆடும்போது என் கை தவறினால் பார்ப்பாளே, அந்த மாதிரிதான் பார்த்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கற்களை மூடினாள். அழாதே, மறுபடியும் ஆடு என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டாள்.

ஆகவே, பெஞ்சில் என் முறை வரும்போது இனிமேலும் அதையேதான் சொல்வேன். வெள்ளரிக்காய் தின்றேன், அஞ்சாங்கல் ஆடினேன்.